தீப்பெட்டிக்குள் ஒரு கல்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை என் சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். ரெவினியூ இலாகாவில் நெடுநாள் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், சிக்கனக்காரர், வீண் பேச்சுப் பேசாதவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"திறந்து பாரும், ஓய்!" என்றார்.

திறந்தேன். உள்ளே பஞ்சுக்கு நடுவில், துவரம்பருப்பில் பாதி அளவுக்கு, கறுப்புக் கலந்த பழுப்பு நிறத்தில், முண்டும் முடிச்சுமாக ஒரு கல் இருந்தது.

"இந்தப் பிரபு வெளியே எழுந்தருளுவதற்கு மூன்று நாள் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! நாலு பிள்ளை பெற்றவள் என் சம்சாரம். அவளே என்னைப் பார்த்து இரங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளும். அது போகட்டும். எனக்கு ஒரு சந்தேகம். என் தமையனாரும் நானும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே சமையல், ஒரே கிணற்று ஜலம். அவருக்கு எழுபத்திரண்டு வயது. இதுவரை மணல் பருக்கை கூட விழுந்ததில்லை. எனக்கு இது மூன்றாவது. நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்?"

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆனால் இருநூறு வருஷங்களாக ரஸாயன சாஸ்திரிகளும் வைத்தியர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுவேதான்.

கல்லடைப்பு மனிதனுக்குப் புதிய சொத்து அல்ல. எகிப்து தேசத்தில் எல் அம்ரா என்னும் இடத்தில், பிரமிடுகள் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முந்திய ஒரு கல்லறையில், சுமார் பதினாறு வயதுப் பையன் ஒருவனுடைய இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஒரு கல்லை 1901-ம் வருஷத்தில் கண்டெடுத்தார்கள். அத்தனை ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த அந்தக் கல், லண்டனில் பொருட்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்து, 1941-ல் ஆகாய விமானங்கள் போட்ட குண்டுக்கு இரையாயிற்று. நம் நாட்டில் சுசுருதர் 'அச்மரீ' என்று இந்த நோய்க்குப் பெயரிட்டு, அதை நான்கு வகையாகப் பிரித்து, கத்தி கொண்டு கல்லை எடுக்கும் முறையையும் விவரித்திருக்கிறார். புதுக் குடத்தில் வைத்த தெளிந்த நீரிலும் நாளடைவில் வண்டல் தங்குவதை அவர் உவமை காட்டுகிறார். கிரேக்க வைத்தியர்களோ ஹிப்பாகிரடீஸின் பிரதிக்ஞையிலேயே 'கல்லுக்காகக் கத்தி எடுக்க மாட்டேன்' என்று ஒரு ஷரத்துச் சேர்த்துக்கொண்டு கை கழுவிவிட்டார்கள்.

என் சிநேகிதருக்குத் தீப்பெட்டி கிடைத்தது. இங்கிலாந்தில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஸாமுவேல் பெப்பீஸ் 1658-ம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி மயக்க மருந்து இல்லாமலே ரண சிகிச்சை செய்துகொண்டு மூத்திரப்பையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டவர். அவர் தம்முடைய கல்லுக்கென்று தனியாகப் பெட்டி செய்வித்து, வருஷந்தோறும் அந்தத் தினத்தில் நண்பர்களுக்கு விருந்து நடத்தினார். பிழைத்ததே பெரிது என்று எண்ணியவர் வேறு என்ன செய்வார்!

பெப்பீஸுக்கு இருந்தது மூத்திரப்பைக் கல். அந்தக் காலத்தில் ஏழைக் குழந்தைகளிடையே அது மிகுதி. பாலும் பருப்பும் இல்லாமல் தானியத்தை மட்டும் உண்டு வளரும் குழந்தைகளை அது பற்றும். இப்போது மிகுதியாகக் காண்பதோ அதற்கும் மேலே, குண்டிக்காய் என்று நாம் சொல்லும் சிறுநீரகத்திலேயே உண்டாகும் கல். இது வயிறார உண்கிறவர்களையும் நாடி வருவது. லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்னும் ரஸாயன நிபுணர் 1797-ல் இந்தக் கற்களைச் சோதித்து, இவை எல்லாம் ஒரே பொருள் அல்ல, பல தினுசு உண்டு என்று காட்டினார். அந்தத் தினுசுகளில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாதது கால்ஷியம் ஆக்ஸலேட். சிநேகிதரின் கல்லும் அதுதான் என்று சோதனைச் சாலையிலிருந்து எழுதி வந்திருந்தது.

கால்ஷியம் சுண்ணாம்பிலும் எலும்பிலும் பாலிலும் இருக்கும் உலோகம். ஆக்ஸலேட் என்பது கீரை, தேயிலை, கிழங்கு முதலியவற்றிலிருந்தும், நம் சரீரத்திலேயே நடக்கும் மாறுதல்களிலிருந்தும் வரும் ஒரு வகை அமிலத்தின் உப்பு. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத ஸ்படிகம். இதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சேப்பங்கிழங்கையும் கருணைக்கிழங்கையும் சரியாக வேகவிடாமல் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறதே, அந்த ஊசிகள் கால்ஷியம் ஆக்ஸலேட் ஸ்படிகங்களே. தாவரம் தன்னைத் தின்ன வருகிறவர்களைக் குத்துவதற்காகச் செய்து வைத்திருக்கும் அஸ்திரத்தை மனிதன் தன் உடம்புக்குள்ளேயே தானாகச் செய்துகொள்கிறான்!

சரி, ஒருவருக்குக் கல் வருகிறது, அவருடைய தமையனாருக்கு வருவதில்லை. தமையனாருடைய சிறுநீரில் இந்த இரண்டு சரக்கும் குறைவோ? அப்படி எண்ணுவதுதான் இயல்பு. சோதித்துப் பார்த்தவர்கள் வியந்து போனார்கள். கல்லே வராத மனிதர்களிலும் பெரும்பாலோருடைய சிறுநீரில், சாதாரணத் தண்ணீர் தாங்கக்கூடிய அளவைவிட அதிகமான கால்ஷியம் ஆக்ஸலேட் கரைந்திருக்கிறது. வெறும் தண்ணீராக இருந்தால் எப்போதோ அடியில் படிந்திருக்கும். அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி, 'எனக்கு ஏன் கல் வந்தது?' என்பதல்ல, 'மற்ற எல்லோருக்கும் ஏன் வரவில்லை?' என்பதுதான்.

வீட்டில் பாகு காய்ச்சும் பெண்மணிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சூடான பாகில் ஏராளமான சர்க்கரை கரைந்திருக்கும். ஆறிய பிறகும் சற்று நேரம் கரைந்தபடியே நிற்கும். ஒரு துரும்பு விழுந்தால் போதும், அதைச் சுற்றிப் பூத்துக்கொள்ளும். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் அதற்காகவே பாகுக்குள் நூலைத் தொங்கவிடுகிறார்கள். பூக்கக் கூடாது என்று எண்ணுகிறவர்கள் இரண்டு சொட்டு எலுமிச்சம் பழச் சாறு பிழிகிறார்கள். எலுமிச்சைக்குச் சிறுநீரிலும் இதே போன்ற உத்தியோகம் உண்டு. ஆனால் காரணம் வேறு. பாகில் அதன் புளிப்புச் சர்க்கரையையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது. சிறுநீரிலோ அதிலுள்ள ஸிட்ரேட் கால்ஷியத்தின் கையைப் பற்றிக்கொண்டு, ஆக்ஸலேட்டோடு சேரவிடாமல் தடுக்கிறது.

சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போக மற்றதை எல்லாம் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இந்த வேலை லட்சக்கணக்கான நுண்ணிய குழாய்களில் நடக்கிறது. குழாயின் வழியாக நீர் ஓடும் காலம் சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷத்துக்குள் பிறக்கும் ஒரு ஸ்படிகம் தானாக வளர்ந்து குழாயை அடைக்கும் அளவுக்குப் பெரிதாக முடியாது என்று 1978-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கல் உண்டாகவேண்டுமானால், பல ஸ்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவேண்டும். அல்லது ஏதாவது ஒரு சுவரில் பற்றிக்கொண்டு தங்கவேண்டும்.

தங்கும் இடத்தை முதலில் கண்டவர் பிலடெல்பியாவில் இருந்த அலெக்ஸாண்டர் ராண்டால் என்ற டாக்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரகங்களை அறுத்துப் பார்த்து, உள்ளே மொட்டுப் போன்ற பாகத்தின் நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டுகள் படிந்திருப்பதையும், சில இடங்களில் அத்திட்டின்மேலேயே கல் உட்கார்ந்திருப்பதையும் 1930-களில் எழுதி வெளியிட்டார். கற்கண்டுக்கு நூல், கல்லுக்கு இந்தத் திட்டு.

இனி ஒட்டிக்கொள்ளும் விஷயம். இங்கேதான் புரோட்டீன்கள் வருகின்றன. ஒரு விஷயத்தை முன்னால் தெளிவாக்கிவிடுகிறேன். 'சிறுநீரில் புரோட்டீன் இருக்கிறது' என்று டாக்டர் எழுதினால் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறோம். பயப்படவேண்டியதுதான், அது இரத்தத்திலிருந்து கசியும் ஆல்புமின். நான் சொல்லப்போவது கசிவதல்ல. சிறுநீரகமே வேண்டுமென்று தயாரித்துச் சிறுநீரில் விடும் சரக்கு. அமெரிக்காவில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டாம், ஹார்ஸ்பால் என்ற இருவர் 1950-ல் இதைப் பிரித்து எடுத்தார்கள். அவர்கள் கல்லைத் தேடிப் போகவில்லை. இன்புளுயன்ஸாக் கிருமியின் ஒரு குணத்தை அடக்கும் பொருள் சிறுநீரில் இருக்கிறதே, அது எது என்று தேடிப் போனார்கள். ஆரோக்கியமுள்ள மனிதனின் சிறுநீரில் மற்ற எல்லாப் புரோட்டீன்களையும்விட மிகுதியாக இருப்பது இதுவே. இதற்கு 'யூரோமாடுலின்' என்று பிற்பாடு ஒரு பெயரும் கிடைத்தது.

இதன் வேலை என்ன? ஸ்படிகங்களின்மேல் போர்வைபோல் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைப்பது. இது அல்லாமல் ஆஸ்டியோபாண்டின் என்று ஒன்று உண்டு. எலும்பிலும் வேலை செய்வது. இங்கே ஸ்படிகத்தின் வளரும் விளிம்புகளில் போய் ஒட்டிக்கொண்டு, 'இதற்குமேல் வளராதே' என்று மறிக்கிறது. இரத்தம் உறைவதற்கு உதவும் புரோத்ராம்பினின் ஒரு துண்டும் இந்தக் காவலில் சேர்ந்தது. பரம்பரையிலேயே யூரோமாடுலின் இல்லாதபடி வளர்த்த சுண்டெலிகளுக்கு ஆக்ஸலேட் மிகும்படியான தீனியைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகள் சமாளித்துக்கொண்டன. இவற்றின் சிறுநீரகத்திலோ ஸ்படிகங்கள் அடைந்துகொண்டன. இது 2004-ல் வெளியான செய்தி.

இவ்வளவோடு நின்றிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எந்தக் கல்லை எடுத்து அதன் உப்பையெல்லாம் கரைத்தாலும், கடைசியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வழவழப்பான வஸ்து மிஞ்சுகிறது. அது என்ன? புரோட்டீன்! காவற்காரன் என்று நாம் கொண்டாடிய யூரோமாடுலினும் ஆஸ்டியோபாண்டினும் திருடன் வீட்டுச் சுவருக்குள்ளேயே அகப்படுகின்றன.

இதற்குச் சமாதானம் சொல்வது வெகு நாள் கஷ்டமாக இருந்தது. தெரிந்தவரையில் விஷயம் இதுதான். யூரோமாடுலின் தனித்தனி இழையாக நீரில் மிதக்கும்போது காவல் செய்கிறது. சிறுநீர் குறுகிக் கெட்டியானாலும், புளிப்பு மிகுந்தாலும், கால்ஷியம், ஸோடியம் முதலிய உலோக அணுக்கள் மின்சாரமேறிய நிலையில் கூட்டமாக வந்து சூழ்ந்தாலும், அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூழாகிவிடுகின்றன. கூழான பிறகு அது போர்வை அல்ல, பசை. எந்த ஸ்படிகங்களை விலக்கி வைத்ததோ, அவற்றையே சேர்த்து ஒட்டுகிறது. எதிர் எதிரான மின்சாரத்தைத் தாங்கிய இரண்டு வகைப் புரோட்டீன்கள் தம்முள் சேர்ந்துகொண்டு காவல் வேலையை விட்டுவிடுகின்றன என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் கூறுகிறார்கள். காவற்காரன் கெட்டவன் அல்ல. அவனை நிறுத்தி வைத்த இடம்தான் கெட்டது.

காவல் மிகுந்தால் எல்லாம் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. ஐஸ்லாந்தில் ஏராளமான ஜனங்களின் பரம்பரைக் குறிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டதில், இந்தப் புரோட்டீனைச் சேர்ந்த ஒரு வித்தியாசம் உடையவர்களுக்குக் கல் வருவது குறைவு, ஆனால் வயதான பிறகு சிறுநீரகம் தளர்ந்துபோவது அதிகம் என்று கண்டார்கள். சிநேகிதரிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் திருப்தி தோன்றியது. தமையனாரிடம் அன்பு இல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்!

உலோகங்களில் கால்ஷியத்தைப் பற்றிச் சொல்லியாயிற்று. மக்னீஷியம் அதற்கு நேர் எதிர்க் கட்சி. ஆக்ஸலேட்டோடு அது சேர்ந்தால் உண்டாவது சுலபமாகக் கரையும் உப்பு. ஆனால் அதை மாத்திரையாக விழுங்கினால் கல் நிற்கும் என்பதற்கு நல்ல ருசு கிடைக்கவில்லை. இரும்பு ஸிட்ரேட்டோடு சேர்ந்து கண்ணாடிக் குழாய்க்குள் ஸ்படிகத்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. கண்ணாடிக் குழாய் வேறு, மனிதன் வேறு.

துத்தநாகத்தின் கதை விசித்திரமானது. வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈக்களுக்கும் சிறுநீரகம் போன்ற குழாய்கள் உண்டு. அவற்றிலும் கல் உண்டாகும். ஸான்பிரான்சிஸ்கோவில் 2015-ல் இந்த ஈக்களை வைத்துச் சோதித்தவர்கள், அந்தக் கற்களில் துத்தநாகம் நிறைந்திருப்பதையும், துத்தநாகம் போய்ச் சேரும் வழியைக் குறைத்தால் கற்களும் குறைவதையும் கண்டார்கள். பிறகு மனிதர்களிடம் ராண்டால் கண்ட வெள்ளைத் திட்டுகளை நுட்பமான எக்ஸ் கிரணங்களால் பார்த்தால், அங்கேயும் துத்தநாகம்! அது வீட்டைக் கட்டுகிறதா, கட்டின வீட்டில் குடியிருக்கிறதா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

கட்மியத்தைப் பற்றி வாதமே இல்லை. அது சுத்த விரோதி. ஸ்வீடனில் மின்சார பாட்டரி செய்யும் தொழிற்சாலையில் அதன் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் சிறுநீரில் விபரீதமான புரோட்டீன்கள் வெளியாவதை லார்ஸ் பிரிபெர்க் என்பவர் 1950-ல் விவரித்தார். டாம், ஹார்ஸ்பால் இருவரும் தங்கள் புரோட்டீனைப் பிரித்த அதே வருஷம். கட்மியம் குழாய்களைப் பழுதாக்கிக் கால்ஷியத்தை ஒழுகவிடுவதால், அத்தகைய தொழிலாளர்களிடம் கல்லும் மிகுதி என்று பின்னால் தெரியவந்தது.

"அதெல்லாம் சரி ஓய், ஏழு வருஷமாய்ப் பாலையும் மோரையும் தொடாமல் விரதம் இருக்கிறேனே. அப்படியும் ஏன் வந்தது?" என்று கேட்டார் சிநேகிதர்.

நான் திடுக்கிட்டேன். முதல் கல் வந்தபோது, 'கல் என்றால் கால்ஷியம். கால்ஷியம் என்றால் பால். ஆகையால் பாலை நிறுத்து' என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் குடலுக்குள் நடப்பது வேறு. உணவிலுள்ள கால்ஷியம் அங்கேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொண்டு, இரத்தத்தில் சேராமல் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பாலை நிறுத்தினால், கீரையின் ஆக்ஸலேட் தடையில்லாமல் உள்ளே நுழைகிறது. அமெரிக்காவில் 45,619 ஆண்களை நாலு வருஷம் கவனித்து 1993-ல் வெளியிட்ட கணக்கில், உணவில் கால்ஷியம் அதிகம் சேர்த்துக்கொண்டவர்களுக்கே கல் குறைவாக வந்திருந்தது. இத்தாலியில், சிறுநீரில் கால்ஷியம் மிகுந்து அடிக்கடி கல் வந்த 120 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். கால்ஷியத்தைக் குறைத்த அறுபது பேரில் 23 பேருக்கு மறுபடி வந்தது. கால்ஷியத்தைக் குறைக்காமல், உப்பையும் மாமிசத்தையும் குறைத்த அறுபது பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. இது 2002-ல் வெளியாயிற்று. உப்பு ஏன் என்றால், ஸோடியம் வெளியேறும்போது கால்ஷியத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். சாப்பாட்டோடு சேராமல் தனி வேளையில் விழுங்கும் கால்ஷிய மாத்திரைக்கு நான் சொன்னது பொருந்தாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கீரை மசியலும் தயிர் சாதமும் ஒரே இலையில் வைத்தவர்கள் இதை அறிந்து வைத்தார்களா, ருசிக்கு வைத்தார்களா, நான் அறியேன். வைத்தது நல்லதாயிற்று.

வாழைத்தண்டைப் பற்றி அந்த அம்மாள் உள்ளேயிருந்து கேட்டு அனுப்பினாள். சென்னைச் சர்வகலாசாலையில் ஆக்ஸலேட் மிகுந்த எலிகளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டதாக 1990-களில் எழுதினார்கள். எலி மட்டில் சரி. சாப்பிடுவதில் தோஷமில்லை, அதையே நம்பி டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் தோஷம். கொடம்புளியின் தோலில் இருக்கும் ஒரு வகைப் புளிப்பை 1965-ல் லூயிஸ், நீலகண்டன் என்ற இரு ரஸாயனிகள் இன்னதென்று நிர்ணயித்தார்கள். ஸிட்ரேட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அது கால்ஷியம் ஆக்ஸலேட் ஸ்படிகத்தை வளராமல் தடுப்பதோடு, கரையவும் செய்கிறது என்று ஹூஸ்டன் நகரத்தார் 2016-ல் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு, உடம்பு இளைக்க என்று விற்கும் கொடம்புளி மாத்திரைகளை வாங்கி விழுங்கவேண்டாம். அவற்றால் ஈரல் கெட்டவர்கள் உண்டு.

கல் பெரிதாகிவிட்டால் மியூனிச்சில் 1980-ல் தொடங்கிய அதிர்ச்சி அலை முறையாலும், மெல்லிய குழாய்க் கருவிகளாலும் கத்தியில்லாமலே உடைத்து எடுக்கிறார்கள். வலியோடு குளிர் ஜுரமும் சேர்ந்தால், அல்லது சிறுநீரே இறங்காமல் நின்றால், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று இருந்தால் சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

தண்ணீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று சுருக்கமாகவே சொல்ல நினைத்தேன். முதல் தடவை கல் வந்த 199 பேரில் பாதிப் பேரை, தினமும் இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடிக்கச் சொல்லி, மற்றவர்களை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். ஐந்து வருஷத்தில் முதல் வகையாரில் 12 பேருக்கும், இரண்டாம் வகையாரில் 27 பேருக்கும் கல் திரும்பி வந்தது. இதுவும் இத்தாலியில்தான், 1996-ல் வெளியானது. தண்ணீர் உப்பைக் கலைக்கிறது என்பது ஒன்று. மேலே சொன்ன காவற்காரன் கூழாகாமல் இழையாகவே நிற்பதற்கும் தண்ணீர்தான் வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதர் திடீரென்று மௌனமாகிவிட்டார். பிறகு, "என் பெண்ணுக்குப் போன மாதம் வயிற்றை வலித்தது. படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு மணல் பருக்கை தெரிகிறதாம்" என்றார்.

அவள் ஓர் உபாத்தியாயினி. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறாள். வெயில் நாளிலும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல. அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் பெண்கள் ஒதுங்குவதற்கு இருக்கும் ஒரே அறைக்குக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் ஜலம் இல்லை. அங்கே இருக்கும் பதினான்கு உபாத்தியாயினிகளும் இதே விரதம்தானாம். பெண் குழந்தைகளும் அப்படியே.

தீப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். "ஓய், ரெவினியூ இலாகாவில் முப்பத்தோரு வருஷம் மனுக்களைப் படித்தவன் நான். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ஒரு மனு எழுதப்போகிறேன். தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும்" என்றார். எழுந்தவர் வாசலில் நின்று, என் சம்சாரத்தைக் கூப்பிட்டு, "அம்மா, ஒரு டம்ளர் மோர் கிடைக்குமா?" என்று கேட்டார்.